முந்தல் வெயிலில் ட்ரவுட் வளர்த்தது

1. நுவரெலியாவில் இருந்து வந்த யோசனை

நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்கள் கரட், லீக்ஸ், ஒரு போத்தல் ஸ்ட்ரோபெரி ஜாம் கொண்டு வருவார்கள். எங்கள் ஹாஜியார் ஒரு யோசனையைக் கொண்டு வந்தார். ஜாம் என்றால் பாணில் பூசித் தின்று முடித்திருக்கலாம். யோசனையை என்ன செய்வது?

நான் புத்தளம் கரையில் முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் டெக்னீஷியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். தண்ணீரின் உப்பு, பி.எச்., ஒட்சிசன், சூடு என்ற நாலையும் காலையிலும் மாலையிலும் மீட்டரால் அளந்து லொக் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. இப்போது பண்ணைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கனமூலையில் என் வீடு தேடி வந்து, "பாறூக் நானா, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். இறாலைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முந்தலில் ட்ரவுட் வளர்த்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் போயிருக்கும். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து எங்கள் பண்ணையில் பத்துக் குளத்தில் எட்டு சும்மா கிடந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் நானும் பம்ப் பார்க்கிற நிஹாலும்தான் மிஞ்சினோம். நிஹால் சிலாபத்துச் சிங்களவன். தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவான், பிழைகளையும் அதே வேகத்தில் விடுவான். எங்கள் முதலாளி ஹாஜியாருக்கு உப்பளமும் தென்னந்தோட்டமும் இருந்தன. நல்ல மனுசன். யோசனை வராத நாட்களில் அவரைப் போல ஒரு முதலாளி இந்தக் கரையிலேயே கிடையாது.

அன்றைக்கு வாகனத்தை விட்டு இறங்கும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பாறூக், நுவரெலியாவில ஒரு வெள்ளைக்காரனைக் கண்டன். விடிய எழும்பி ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டான். பகல் சாப்பாடு வரைக்கும் நிண்டான். ஒரே ஒரு ட்ரவுட் மீன் பிடிச்சான். பிடிச்சு என்ன செஞ்சான் தெரியுமா?"

"ஆக்கித் திண்டிருப்பான், ஹாஜியார்."

"இல்ல! முத்தம் குடுத்துத் திருப்பித் தண்ணியில விட்டுட்டான். விட்டுட்டு, பிடிச்சதுக்குக் காசும் கட்டிட்டுப் போறான். தேங்காய வித்தா தேங்காய் போயிரும். உப்பை வித்தா உப்புப் போயிரும். இவன் மீனையும் தந்துட்டுக் காசையும் தாறான். நாளைக்கு இன்னொருத்தன் வந்து அதே மீனைப் பிடிப்பான். துன்யாவுல இப்பிடி ஒரு வியாபாரம் இருக்கா, சொல்லு?"

கேட்கும்போது எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

ஆளும் ஏற்கெனவே தயாராக இருந்தது. கண்டக்குழியில் லொட்ஜ் நடத்தும் ஓர் அம்மா ஹாஜியாருக்குப் பழக்கம். கடலில் பட்டம் கட்டி ஓடுகிற வெள்ளைக்காரர்கள் அங்கே வந்து தங்குவார்கள். காற்று விழுந்த நாட்களில் அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் சாய்மனைக் கதிரையில் கிடந்து வேகுவார்கள். ட்ரவுட் லேக் ஒன்று இருந்தால் வான் நிறைய ஆட்களை அனுப்புவதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். ஸ்கொட்லாந்தில் இருந்து வருசா வருசம் வருகிற ஒரு கிழத் துரை, ஆயுள் முழுக்க ட்ரவுட் பிடித்தவர், இரண்டு மாதத்தில் வருவார். அவர் வந்து தூண்டில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

நான் என் கடமைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். "ஹாஜியார், அது குளிர்த் தண்ணி மீன். இருபதுக்கு மேல சூடு போனா கஸ்டப்படும். எங்கட குளம் முப்பது காட்டுது."

"அதுக்கென்ன? ஐஸ் போடுவம்."

இந்தக் கரையில் ஒருவர் மீனுக்கு ஐஸ் போடுவம் என்று சொன்னால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. பிறந்ததில் இருந்து மீனையும் ஐஸையும் சேர்த்தே பார்த்து வந்திருக்கிறோம். போட்டில் ஐஸ், கரை வாடியில் ஐஸ், லொறியில் ஐஸ். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியான விடையாகவே கேட்டது. நிஹாலும் தலையாட்டினான். மூன்று பேரும் மீன் தொழிலில் வயது போனவர்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

போகும்போது ஹாஜியார் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது சரிவந்தா பண்ணை ஓடும், பாறூக். சரிவராட்டி வித்திருவன். காணி கேட்டு ஆள் நிக்கிது. பொறகு என்னைக் குறை சொல்லப்படாது."

2. குவார்ட்டர்ஸ்

பண்ணை போனால் எனக்கு வேலை மட்டும் போகாது. நானும் என் மனைவி றஹ்மாவும் இருந்தது பண்ணைக் குவார்ட்டர்ஸில். இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக் கூரை.

தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது றஹ்மா ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒன்பது வருடம். மழைக்கு ஒரு முறை, காணிக்காரன் சொன்னதற்கு ஒரு முறை, கொட்டில் எரிந்து ஒரு முறை என்று பெட்டியைக் கட்டி அவிழ்த்துக் கட்டி அவிழ்த்தே அவளுக்குப் பாதி வயது போனது. இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்துதான் அலுமாரி வாங்கினோம். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பிப் போன என் தம்பி, எங்கள் வளவில் காட்டுக்குள் கிணற்றை மட்டும்தான் கண்டதாகச் சொன்னான்.

ஹாஜியார் சொன்னதை இரவுச் சாப்பாட்டில் அவளிடம் சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள்.

"இன்னொருக்கா பெட்டி கட்ட என்னால ஏலா. உங்கட மீனை எப்பிடியாச்சும் வளத்துப்போடுங்க."

3. ஐஸ்கிரீம் லொறி

பெரிய குளத்தைக் குளிராக்க முடியாது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தவுடன் தெரிந்தது. இறால் குஞ்சு விடுகிற நர்சரிக் குளம் ஒன்று இருந்தது. இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம், இடுப்பளவு ஆழம். கறுப்புப் பொலித்தீன் விரித்தது. அதைக் கழுவி, கிணற்று நல்ல தண்ணீர் நிரப்பினோம். கறுப்புப் பொலித்தீன் வெயிலைக் குடித்துத் தண்ணீரை இன்னும் சூடாக்கியது. ஆகவே ஹாஜியாரின் தோட்டத்தில் இருந்து இரண்டு டிரக்டர் தென்னோலைக் கிடுகு வரவழைத்து, காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று தாழக் கால் நட்டு, குளத்துக்கு மேல் கூரை போட்டோம். வாசலில் "ட்ரவுட் லேக்" என்று போர்ட் அடித்தோம். பார்க்கிறவர்கள் யாரோ குடியிருக்கிற வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

மீன், மலைநாட்டில் ஒரு வளர்ப்பாளரிடம் இருந்து வந்தது. ஐம்பது மீன், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். குளிர் லொறி தேடிய ஹாஜியார், சுலபமாக அகப்பட்டது என்று ஓர் ஐஸ்கிரீம் லொறியைப் பிடித்துவிட்டார். அந்த லொறியில் ஒரு கோளாறு இருந்தது. ஃபிரீசருக்கும் ஐஸ்கிரீம் பாட்டுக்கும் ஒரே சுவிட்ச். குளிர் வேண்டுமென்றால் பாட்டும் வேண்டும்.

குருநாகல் தாண்டியதும் வெயில் சுட்டது, டிரைவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். அங்கிருந்து முந்தல் வரைக்கும் எங்கள் ட்ரவுட் மீன்கள் ஐஸ்கிரீம் பாட்டோடு வந்தன. முந்தல் சந்தியில் ரயில் கேட் போட்டிருந்ததால் லொறி நின்றது. எதிரே போய்க் காத்திருந்த எனக்கும் நிஹாலுக்கும் முன்னால் இருபது முப்பது பேர் லொறியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு வயசாளி வீட்டில் இருந்து கோப்பையே எடுத்து வந்திருந்தார்.

"வெனிலா இருக்கா, மகன்?"

"இல்ல ஐயா," என்றான் நிஹால். "ட்ரவுட் மட்டும்தான்."

"சரி, அதில ஒண்டு போடு" என்று கோப்பையை நீட்டினார்.

மீன் வந்த பீப்பாக்களைத் திறந்தபோது மேலே மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. பன்னிரண்டு மீன் மவுத்து. மிச்சம் முப்பத்தெட்டு. அறுபது கட்டி ஐஸ் போட்டு, தண்ணீரை அடித்து ஒட்சிசன் ஏற்றுகிற பெடல்வீலை ஓடவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் அந்தப் பீப்பாக்களோடேயே பழக்கி, மெதுவாக விட்டேன். மீட்டரில் பதினெட்டு காட்டியது. ட்ரவுட் நீந்தியது. முதுகில் புள்ளியும் பக்கத்தில் ரோஸ் நிறக் கோடுமாக, பொய் சொல்லக்கூடாது, மிக அழகான மீன். கூனி இறாலை அள்ளிப் போட்டால் துள்ளித் துள்ளித் தின்றது. அன்றைக்கு லொக் புத்தகத்தில் 18 என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மனதுக்குச் சந்தோசமாக இருந்தது.

4. ஐஸ் கம்பனி வாசலில்

பிறகு தினமும் இருபது கட்டி ஐஸ். விடிய ஆறு மணிக்கு நிஹாலும் நானும் டிரக்டரோடு ஐஸ் கம்பனி வாசலில் நிற்போம். ஒரு வாரம் போன பிறகு ஒரு காலை, கரைக்குப் போட் வந்து மீனோடு நின்ற ஒருவர், எங்களுக்கு முன்னால் கடைசிக் கட்டி ஐஸும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோனி என்று பெயர், எனக்குப் பழைய பழக்கம்.

"பாறூக், எத்தினை தொன் மீன் பட்டிச்சு உனக்கு?"

"முப்பது மீன்."

"முப்பது தொன்னா?"

"இல்ல. முப்பது மீன். உசிரோட இருக்கு."

அந்தோனி சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "செத்த மீனுக்கு ஐஸ் இல்லாம நான் நிக்கிறன். நீ உசிரோட இருக்கிற மீனுக்கு ஐஸ் போடுறாய். உனக்கு யாரும் ஏதும் செஞ்சு வெச்சிட்டாங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்து ஏதோ ஏசினேன். ஆனால் டிரக்டர் பெட்டியில் ஐஸை மூடுகிற உமி மூட்டையில் சாய்ந்துகொண்டு வரும்போது விளங்கியது. எங்களுக்குத் தெரிந்த ஐஸ் வேலை எல்லாம் செத்த மீனை நாறாமல் வைக்கிற வேலை. உயிருள்ள மீனை ஐஸால் காப்பாற்றியவர் நாங்கள் மூன்று பேருக்கும் முந்தி இந்தக் கரையில் யாரும் இல்லை. காப்பாற்ற முடியாது என்பதால்தான் இல்லை.

5. பதினெட்டு

தண்ணீரின் சூடு படிப்படியாக ஏறியது. பத்தொன்பது, இருபது. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மூன்று மீன் மிதந்தது. மீட்டர் இருபத்தொன்றரை காட்டியது. ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் பார்க்க வருவார்.

நான் பேனையை எடுத்தேன். மீட்டரைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் பக்கம் றஹ்மா அலுமாரிக்குள் உடுப்பு மடித்து வைப்பது ஜன்னலால் தெரிந்தது. 18 என்று எழுதினேன்.

வெள்ளைப்புள்ளி வந்த காலத்தில், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் முதலாளி மனம் கோணக்கூடாது என்று நல்ல இலக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளதை எழுதி ஏச்சு வாங்கியவன் நான். அந்தக் கையால் அதை எழுதினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

ஹாஜியார் வந்தார். கூரை தாழ்வு, அவருக்கோ வயிறு பெரிது. குனிந்து உள்ளே போக முடியவில்லை. வாசலில் நின்றே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"பதினெட்டு! மாஷா அல்லாஹ்! நுவரெலியாவே முந்தலுக்கு வந்திட்டு. மீன் எப்பிடி?"

இருட்டுக்குள் எதுவும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கும் முன் தூரத்து மூலையில் 'சளார்' என்று சத்தம் கேட்டது.

"அல்லாஹ், என்ன உசாரு!" என்று ஹாஜியார் பூரித்துப் போனார்.

அவர் போன பிறகு நிஹால் வெளியே வந்தான். கையில் ஒரு கயிறு. கயிற்று நுனியில் ஒரு தேங்காய் மட்டை.

"நிஹால், நான் சொன்னனா உன்னைச் செய்யச் சொல்லி?"

"நீங்க புத்தகத்தில செய்றீங்க, நானா. நான் தண்ணியில செய்றது."

அவனுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பதினெட்டு எழுதினேன், நிஹால் மட்டையை இழுத்தான், ஹாஜியார் மாஷா அல்லாஹ் சொன்னார். மட்டை இழுப்பதில் அவன் தேறிக்கொண்டே போனான். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மட்டை கட்டி, ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரிக் காட்டினான்.

செத்த மீனை றஹ்மா ஆணம் வைத்தாள். முதல் வாரம் ஆசையாகத் தின்றோம். இரண்டாம் வாரம், "கும்பளா மீனுக்குக் கிட்டவும் வராது, சப்பெண்டு இருக்கு" என்றாள். மூன்றாம் வாரம் பொரித்தாள், சம்பல் போட்டாள், கருவாடும் போட்டுப் பார்த்தாள். இந்த மாவட்டத்திலேயே ட்ரவுட் கருவாடு தின்றவர்கள் நாங்கள்தான் இருப்போம்.

ஒரு நாள் நான் புத்தகத்தைக் குசினி மேசையில் மறந்து வைத்துவிட்டேன். அவள் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்குப் பதினெட்டா? விடிய நான் அந்தத் தண்ணியிலதான் மீன் கழுவினன். கோப்பி போடலாம் போல இருந்திச்சு."

புத்தகத்தை மூடி என் கையில் தந்தாள்.

6. துரை வந்த நாள்

நாற்பத்தோராம் நாள் துரை வந்தார். உயிரோடு இருந்த ட்ரவுட் ஒன்று.

லொட்ஜ் அம்மாவின் வானில் இருந்து இறங்கினார். எழுபது வயது இருக்கும். ஒல்லி, உயரம். வானுக்குப் பின்னால் போய், நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். முந்தல் வெயில் பதினொரு மணிக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கூரை வாசலுக்கு நடந்து வருவதற்குள் மனுசன் உள்ளே நனைந்துவிட்டார்.

ஹாஜியார் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக, வாசலில் ஒரு கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரை குனிந்து உள்ளே போனார். நிமிர்ந்தார். தலை கூரையில் முட்டியது. போர்ட்டில் லேக் என்று வாசித்தவர், உள்ளே தண்ணீரைப் பார்த்து, வேறு எங்காவது கதவு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார்.

அவருடைய தூண்டில் முறை வேறு. இறகால் செய்த ஈ ஒன்றைக் கட்டி, கோலைத் தலைக்கு மேலால் பின்னுக்கு வீசி முன்னுக்கு விட வேண்டும். எங்கள் கூரை ஐந்தரை அடி. முதல் வீச்சில் ஈ கிடுகில் கொளுவியது. இழுத்தார், ஒரு கிடுகு முழுசாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. இரண்டாம் வீச்சில் இன்னொரு கிடுகு. மூன்றாவதற்கு வாசல் வழியாகப் பின்னுக்கு வீசினார். ஹாஜியாரின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, எல்லார் தலைக்கும் மேலால் பறந்து, தண்ணீரில் போய் உட்கார்ந்தது.

"பரவால்ல, பரவால்ல!" என்றார் ஹாஜியார், தலையைத் தடவிக்கொண்டு. "நோ புரொப்ளம், சேர்! வன் மோர்!"

தூரத்து மூலையில் 'சளார்' என்றது. நிஹாலுக்கு அவசரம். துரை அந்தப் பக்கம் கூர்ந்து பார்த்தார். ட்ரவுட் எப்படித் துள்ளும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவரிடம் தேங்காய் மட்டை பலிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தார். மட்டை வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தண்ணீரிலேயே விட்டார்.

பிறகு குனிந்து கையைத் தண்ணீரில் வைத்தார். வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"என்ன டெம்பரேச்சர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எயிட்டீன்!" என்று வாசலில் இருந்து ஹாஜியார் கத்தினார். "புக்கைக் காட்டு, பாறூக்!"

என் ஒரு கையில் புத்தகம், மற்றக் கையில் மீட்டர். துரைக்குப் பக்கத்தில், பாதி கரைந்த ஒரு ஐஸ் கட்டியில் வாயை வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ட்ரவுட் நின்றது. செவுள் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்தபோது எனக்கு ஓலைக் கொட்டிலில் சித்திரை மாதம் ஓட்டைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படுத்த காலம் ஞாபகம் வந்தது. சீவனை இப்படி வைக்கலாமா என்று மனம் கேட்டது.

"ட்வென்ட்டி சிக்ஸ், சேர்" என்றேன்.

"என்ன சொல்றாய் நீ?" என்றார் ஹாஜியார்.

"இருபத்தாறு, ஹாஜியார். ஒரு மாசமா நான் பொய் எழுதினன். முப்பத்தேழு செத்திட்டு, இது ஒண்டுதான் மிச்சம். இது மலைத் தண்ணி மீன். இஞ்ச வளராது. ஐஸ் போட்டும் வளராது. முதல் நாளே நான் சத்தமாச் சொல்லியிருக்கோணும், சொல்லல்ல."

ஹாஜியார் இளநீரைக் கீழே வைத்துவிட்டு வாசலை விட்டு விலகினார். துரை அந்த மீனை இரண்டு கையாலும் ஏந்தினார். ஒரு தடவை வால் ஆட்டியது. அவ்வளவுதான். அவர் ஏதோ மெல்லச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து ரப்பர் காற்சட்டையைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு சருவம் வியர்வை கொட்டியது. அப்போது பெரிய குளத்தில் ஏதோ வெடித்த மாதிரித் தண்ணீர் எறிந்தது. துரை நிமிர்ந்தார்.

"அது என்ன?"

"கொடுவா, சேர்" என்றான் நிஹால். "கள்ளன்."

இறால்காரனுக்குக் கொடுவா கள்ளன்தான். கடலில் இருந்து ஸ்லூஸ் கேட்டுக்குள்ளால் குஞ்சாக நுழைந்து, இறாலைத் தின்று கொழுக்கும். கண்ட இடத்தில் அடிப்போம். எட்டுக் குளமும் சும்மா கிடந்த காலத்தில் அவை எங்களுக்குத் தெரியாமலே உள்ளே பெருகியிருந்தன. அதை ஒரு மீன் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது.

துரை அரைக் காற்சட்டையோடு வரம்பில் ஏறினார். மேலே கூரை இல்லை. நூல் அழகாகப் பறந்தது. இரண்டாம் வீச்சில் கொடுவா கவ்வியது. பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? கோல் வளைய, நூல் சீற, துரை வரம்பால் ஓடினார். மீன் குளத்தைச் சுற்றியது, துரையும் சுற்றினார். அவர் விழுந்துவிடுவார் என்று நிஹால் பின்னால் ஓடினான். நிஹாலுக்குப் பின்னால், வெறுந்தலையோடு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாஜியார் ஓடினார். ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைசியில் மீன் கரைக்கு வந்தது. ஆறு கிலோ குறையாது. துரை அதற்கு முத்தம் கொடுத்துத் திருப்பித் தண்ணீரில் விட்டார்.

நிஹால் வரம்பில் குந்திக்கொண்டு தலையில் கை வைத்தான். "ஆறு கிலோ, நானா! ஆறு கிலோ! ஐயோ, விட்டுட்டான்!"

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஹாஜியாரின் கையைக் குலுக்கினார், வானில் ஏறிப் போனார். ஹாஜியார் நனைந்த தொப்பியைப் பிழிந்து சட்டைப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

7. ஐஸ் எத்தனை கட்டி

நான் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வழி நெடுக, றஹ்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் அறை வெறிச்சென்று இருந்தது. அலுமாரி காலி. தகரப் பெட்டியும் மூன்று அட்டைப் பெட்டியும் கயிறு போட்டுக் கட்டி, சுவரோரம் அடுக்கி இருந்தது. அவள் அதில் ஒன்றின்மேல் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. புத்தகத்தில பதினெட்டைக் கண்ட அண்டைக்கே கொஞ்சங் கொஞ்சமாக் கட்டத் தொடங்கிட்டன்."

"பெட்டி கட்ட ஏலா எண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம், சொன்னன். ஆனா உங்களோட முப்பது வருசம் இருந்திருக்கன். நீங்க பொய்யை வெச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு இருப்பீங்க? வாயைத் திறப்பீங்க எண்டு தெரியும். திறந்தா இஞ்ச இருக்க ஏலாது எண்டும் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்க முடியவில்லை. வெங்காயம் என்று சாட்டுச் சொன்னேன்.

அடுத்த நாள் அசர் நேரம் ஹாஜியார் வந்தார். அறைக்குள் பெட்டிகளைப் பார்த்தார். இருக்க இடம் இல்லாததால் ஒரு பெட்டியின்மேலேயே இருந்தார். குவார்ட்டர்ஸ் கதவுத் திறப்பைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் சட்டைப் பையில் இருந்து எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"லொட்ஜ் அம்மா கோல் எடுத்தா. நாளைக்கு அந்தத் துரை இன்னும் நாலு பேரோட கொடுவா பிடிக்க வாறாராம்." தொண்டையைச் செருமினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "உன்னை நான் இன்னும் மன்னிக்கல்ல. அது வேற கதை. இப்ப சொல்லு, கொடுவாவுக்கு ஐஸ் எத்தினை கட்டி போடோணும்?"

"ஒண்டும் போடத் தேவல்ல, ஹாஜியார்."

"மெய்யாவா? முகத்தைப் பாத்துச் சொல்லு."

"அது இந்த ஊர் மீன். இந்தத் தண்ணியில தானாவே நிக்கும். அதைக் குழப்பாம விட்டாக் காணும்."

ஐஸ் போடாமல் மீன் தொழிலா என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலும். பிறகு எழும்பி, "சரி, கூரையைப் பிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

றஹ்மா அன்றைக்கே பெட்டிகளை அவிழ்த்தாள். உடுப்பை அலுமாரியில் அடுக்கினாள், சட்டி பானையைக் குசினியில் வைத்தாள். தகரப் பெட்டியை மட்டும் அவிழ்க்காமல் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"அதையும் அவிழ்த்திடன்" என்றேன்.

"அது இருக்கட்டும். இனியும் நீங்க உண்மை சொல்லுவீங்கதானே."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் ஏழு வருடம் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். ஹாஜியாரிடம் ஏச்சு வாங்காத மாதம் இல்லை. புத்தகத்தில் பிழையான இலக்கம் ஒன்றும் இல்லை.

பண்ணைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளே, நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மீட்டர் காட்டுவதை எழுதுங்கள். வீட்டில் ஒரு பெட்டியைக் கட்டி வைத்திருங்கள்.